கடற்கரைப் பேச்சும் பள்ளிக்கூட ரேடியோவும்

(முட்டத்தில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கே பள்ளிக்கூட ரேடியோவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும், சில தோழர்கள் வழியிலேயே என்னை மறித்து, "சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசவேண்டிய மேடையில் ரேடியோவுக்கு என்னய்யா வேலை?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயந்தான். பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதனைத் தாழ்ந்தவனாக்குவதற்குப் பல வழிகள் உண்டு. அவன் பிறப்பைச் சொல்லித் தாழ்த்துவது ஒரு வழி. அவன் தொழிலைச் சொல்லித் தாழ்த்துவது இன்னொரு வழி. இவ்விரண்டையும்விடச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. அதுதான் அவன் வாயைத் திறந்தவுடன் சிரிப்பது. பிறப்பைச் சொல்லி இகழ்ந்தால் இன்று சட்டம் கேட்கிறது. பேச்சைக் கேட்டுச் சிரித்தால் எந்தச் சட்டமும் கேட்பதில்லை. சிரிக்கப்பட்டவன் தானாகவே வாயை மூடிக்கொள்கிறான். பிறகு அவனுக்காக வேறொருவன் பேசுகிறான். ஆகவே, யாருடைய பேச்சு பேச்சாக மதிக்கப்படும் என்கிற கேள்வி நம் சுயமரியாதையைச் சேர்ந்த கேள்விதான்.

நான் பெரிய படிப்பாளியல்ல. ரேடியோ யந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் கொஞ்சந்தான். தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். படாவிட்டால் இந்த மணலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நான் சிரித்த கதை

தோழர்களே! நான் உள்நாட்டுக்காரன். நாஞ்சில் நாட்டு வயலோரத்தில் பிறந்தவன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் வயற்காட்டுப் பிள்ளைகளும் கடற்கரைப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தோம். பள்ளிக்கூடத்தின் பேர் வேண்டாம். ஒரு நாள் உபாத்தியாயர், "ஜூன் மாதத்தில் நமக்கு மழை கொண்டுவரும் காற்று எது?" என்று கேட்டார். கடற்கரைப் பையன் ஒருவன் எழுந்து, "கச்சான், சார்" என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். உபாத்தியாயர் அவனைப் பெஞ்சுமேல் ஏறி நிற்கச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார். நான் "தென்மேற்குப் பருவக்காற்று" என்று சொல்லிக் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கையை நீட்டிக் காட்டச் சொல்லியிருந்தால் நான் விழித்திருப்பேன். அந்தப் பையனுக்கோ வடக்கேயிருந்து வருவது வாடை, கிழக்கேயிருந்து வருவது கொண்டல், தெற்கேயிருந்து வருவது சோழகம், மேற்கேயிருந்து வருவது கச்சான் என்று நான்கும் தெரியும். எந்தக் காற்றில் மரத்தை இறக்கலாம், எந்தக் காற்றில் இறக்கக்கூடாது, எந்த நீவாட்டுக்கு வலை எந்தப் பக்கம் போகும் என்பதும் தெரியும். தெரிந்தவன் பெஞ்சுமேல் நின்றான். தெரியாதவன் பரிசு வாங்கினான். இதற்குத்தான் அன்றைக்குப் படிப்பு என்று பேர். மறு வருஷம் அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை, கடலுக்குப் போய்விட்டான்.

அநேக வருஷங்களுக்குப் பின் அவரை நான் ஒரு கடற்கரையில் சந்தித்தேன். பழைய சங்கதியைச் சொல்லி, "நான் சிரித்தது தப்பு" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அத விடுங்க அண்ணாச்சி. எம் பிள்ளையள நா வீட்டுலயே வாத்தியாரு மாதிரிதான் பேசச் சொல்லுதேன். நாம பேசுனது நம்மோட போவட்டும்" என்றார். தோழர்களே! அன்று பெஞ்சுமேல் நின்றதைவிட இதுதான் எனக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. அன்று உபாத்தியாயர் சிரித்தார். இன்று தகப்பனே வீட்டுக்குள் அந்த உபாத்தியாயரின் வேலையைச் செய்கிறார்.

உங்கள் முட்டத்துக்குச் சினிமாக்காரர்கள் வந்தார்கள். 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை' என்ற படத்தையும், 1986-ல் 'கடலோரக் கவிதைகள்' என்ற படத்தையும் இங்கே எடுத்தார்கள். உங்கள் பாறையையும் அலையையும் தமிழ்நாடு முழுதும் பார்த்துச் சந்தோஷப்பட்டது. படத்தை எடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தொழில் அது. ஆனால் பாறையைப் பார்த்தவர்கள், அந்தப் பாறைமேல் நின்று கடலைப் பார்த்துக் காற்று சொல்லுகிற மனிதனின் பேச்சைக் கேட்டார்களா என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடம்

இந்தக் காரியம் நமக்கு மட்டும் நேர்ந்ததென்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் நாட்டில் இதைவிடக் கொடுமையாக நடந்தது. அதை எதிர்த்து அங்கே ஒரு கூட்டத்தார் செய்த வேலையைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அமெரிக்காவின் தென்மேற்கே அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்னும் மாகாணங்களில் பரந்து கிடக்கிற வறண்ட பூமியில் நவஹோ என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் தங்களை 'டினே' என்று சொல்லிக்கொள்வார்கள். 'மக்கள்' என்று அர்த்தம். 1864-ல் அமெரிக்கப் பட்டாளம் அவர்களைச் சொந்தப் பூமியிலிருந்து கிளப்பி, பல நூறு மைல் கால்நடையாக நடத்திக்கொண்டுபோய் ஓர் அன்னிய இடத்தில் அடைத்து வைத்தது. நடந்ததிலும் அடைபட்டதிலும் செத்தவர்கள் அநேகம். 1868-ல் ஓர் உடன்படிக்கை செய்து திரும்பிப் போகவிட்டார்கள். அந்த உடன்படிக்கையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டுமென்று ஒரு நிபந்தனை இருந்தது.

பள்ளிக்கூடம் நல்லதுதானே என்பீர்கள். எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் என்று பார்க்கவேண்டாமா? அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று நடத்திய விடுதிப் பள்ளிகளில் முதலில் தலைமயிரைக் கத்தரித்தார்கள். பிறகு பேரை மாற்றினார்கள். தாய்பாஷையில் பேசின பிள்ளைகளை அடித்தார்கள். வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். அழுக்கு கையில் இருந்தால் சோப்புப் போடலாம். பாஷை என்ன அழுக்கா? ஆறு வயதுப் பிள்ளைக்கு வாயில் சோப்பைப் போட்டால் அதற்கு என்ன புரியும்? தன் தாய் பேசுவது அழுக்கு, தன் தாயும் அழுக்கு என்றுதானே புரியும்?

வேடிக்கையைக் கேளுங்கள். இரண்டாவது உலக யுத்தம் வந்தது. போர்க்களத்தில் அமெரிக்கா ரகசியக் குறியீட்டில் அனுப்பின சேதிகள் பலவற்றை ஜப்பானியர் கண்டுபிடித்துவிட்டார்கள். 1942-ல் நவஹோ வாலிபர்கள் 29 பேரைப் பட்டாளத்தில் சேர்த்து, அவர்கள் பாஷையிலேயே ஒரு குறியீடு அமைத்தார்கள். பின்னால் அந்த வேலையில் ஏறக்குறைய 400 பேர் இருந்தார்கள். ஜப்பானியரால் அதைக் கடைசிவரை உடைக்க முடியவில்லை. டாங்கி என்பதற்கு அவர்கள் பாஷையில் வார்த்தை ஏது? 'ஆமை' என்றார்கள். நீர்மூழ்கிக் கப்பலுக்கு 'இரும்பு மீன்' என்றார்கள். காட்டுமிராண்டி பாஷை, புதுக் காலத்துக்கு உதவாத பாஷை என்று எதைச் சொல்லி வாயைக் கழுவினார்களோ, அந்தப் பாஷை யுத்தத்தில் ஆயிரக்கணக்கான உயிரைக் காத்தது. 1968 வரையில் அது ராணுவ ரகசியமாகவே இருந்தது. 2001-ல்தான் அவர்களுக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தார்கள். அதற்குள் முதல் 29 பேரில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள்.

சர்க்கார் பதக்கம் கொடுக்கட்டும் என்று அந்த மக்கள் உட்கார்ந்திருக்கவில்லை. நியூ மெக்சிகோவில் ராமா என்கிற பகுதியிலுள்ள நவஹோக்களின் பிள்ளைகள் படித்த உயர்தரப் பள்ளி மூடப்பட்டபோது, பிள்ளைகளைத் தூரத்து விடுதிகளுக்கு அனுப்பவேண்டிய நிலைமை வந்தது. பெற்றோர் கூடிப் பேசினார்கள். பழையபடி விடுதிக்கு அனுப்பமாட்டோம், எங்கள் பள்ளிக்கூடத்தை நாங்களே நடத்துவோம் என்று தாங்களே ஒரு நிர்வாக சபை அமைத்து 1970-ல் பள்ளியைத் தொடங்கினார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில், அதாவது 1972-ல், அந்தப் பள்ளிக்கூடச் சபையே ஒரு ரேடியோ நிலையத்தையும் ஆரம்பித்தது. கேடிடிபி என்று அதற்குப் பேர். மக்களின் குரல் என்கிற கருத்தில் அவர்கள் பாஷையிலேயே வைத்த பேரின் சுருக்கம் அது. அமெரிக்கப் பழங்குடிகள் தாங்களே சொந்தமாக நடத்திய முதல் ரேடியோ நிலையங்களில் அது ஒன்று. பின்னால் பள்ளியும் நிலையமும் பைன் ஹில் என்னும் இடத்துக்கு மாறின.

அவர்கள் ஏன் ரேடியோவைத் தேர்ந்தெடுத்தார்கள்? வீட்டுக்கு வீடு பல மைல் தூரம். அக்காலத்தில் அநேக வீடுகளில் டெலிபோனும் இல்லை, மின்சாரமும் இல்லை. மூத்தவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுதவும் படிக்கவும் தெரிந்தவர் கொஞ்சம். பேட்டரி போட்ட சின்னப் பெட்டிக்கு இந்தத் தடை ஒன்றும் கிடையாது. கிழவிக்குப் புரிகிற பாஷையில் பேசினால் கிழவிக்குப் புரிந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துச் சங்கதி அந்தக் கிழவிக்கும், கிழவி சொன்ன சங்கதி பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. சோப்புப் போட்டுக் கழுவின வாய், பள்ளிக்கூடத்தின் பேராலேயே ஊர் முழுதும் கேட்கப் பேசுகிறது. இந்த மாறுதல்தான் பெரிய மாறுதல்.

நம் நாட்டு நிலைமை

நம் நாட்டில் என்ன நடந்தது? 1924-ல் சென்னையில் ஒரு ரேடியோ சங்கம் ஒலிபரப்பு ஆரம்பித்தது. 1930 முதல் சென்னை முனிசிபல் கார்ப்பொரேஷன் நடத்தியது. 1938-ல் அகில இந்திய வானொலி வந்தது. 1939-ல் திருச்சியில் நிலையம் வந்தது. அன்று தொட்டு அறுபது வருஷத்துக்கு மேல் ரேடியோ என்றால் சர்க்கார், சர்க்கார் என்றால் ரேடியோ. அவர்கள் பேசுவார்கள், நாம் கேட்கவேண்டும். நாம் பேச, அவர்கள் கேட்பது என்பது கிடையாது. நம் ஜில்லாவுக்கு ஒரு பெருமை உண்டு. 1984-ல் உள்ளூர் வானொலி என்று நாட்டிலேயே முதன்முதலாக அமைத்த நிலையம் நாகர்கோவில் நிலையந்தான். அது ஊருக்குக் கிட்டே வந்த ரேடியோ. ஆனாலும் அது சர்க்கார் கையிலுள்ள ரேடியோதான். ஊரார் கையிலுள்ள ரேடியோ ஆகாது.

1995-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. ஒலிபரப்புக்கு உதவும் காற்றலைகள் பொதுச்சொத்து, சர்க்காரின் தனிச்சொத்து அல்ல என்பது அதன் சாரம். குளமும் கிணறும் பொதுவென்று போராடினவர்களுக்கு இது புதுச் சங்கதியல்ல. குளத்துக்குப் பூட்டுப் போட்டவன் கண்ணுக்குத் தெரிந்தான். காற்றுக்குப் பூட்டுப் போட்டது கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தீர்ப்பு வந்தும் பூட்டு உடனே திறக்கவில்லை. 2002-ம் வருஷக் கடைசியில்தான் கல்வி ஸ்தாபனங்கள் சின்ன ரேடியோ நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். அதன்படி நாட்டில் முதலாவதாக 2004 பிப்ரவரி 1-ந் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எப்.எம்.' ஆரம்பமாயிற்று. லக்னோவில் ஒரு பள்ளிக்கூடமே நிலையம் நடத்துகிறது. 2006-ல் பொதுஜன சங்கங்களுக்கும் வாசல் திறந்தார்கள். 2008 அக்டோபரில் தெலுங்கு தேசத்தில், சாகீராபாத்துக்குப் பக்கத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புக் கூலிப் பெண்கள் 'சங்கம் ரேடியோ' என்று தாங்களே ஒரு நிலையம் தொடங்கினார்கள். விதை, பயிர், மருந்து, தங்கள் பாட்டு, தங்கள் பேச்சு, எல்லாம் அவர்கள் வாயாலேயே ஒலிபரப்பாகிறது. வயலில் நாற்று நட்ட கைதான் அங்கே விசையைத் திருப்புகிறது.

நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. ராமநாதபுரம் ஜில்லா பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15-ந் தேதி 'கடல் ஓசை' என்னும் சமுதாய வானொலி, மீன்பிடிக்கும் மக்களுக்கென்றே ஆரம்பிக்கப்பட்டது. காற்று, அலை, தொழில், கடற்கரைப் பாட்டு, கடல்வளத்தைக் காக்கும் வழி என்று அவர்கள் வாழ்க்கைக்கு வேண்டியதை, அந்தக் கரையைச் சேர்ந்தவர்களே பேசுகிறார்கள். பாம்பனில் முடிந்தது முட்டத்தில் ஏன் முடியாது?

புயல் தமிழும் கடல் தமிழும்

இது வெறும் பேர்ப் பெருமைக்கான காரியம் அல்ல. 2017 நவம்பர் 29, 30 தேதிகளை இந்தக் கரையில் மறந்தவர் யார்? ஒக்கிப் புயல் ஒரே நாளைக்குள் வலுத்துக் குமரி முனைக்குத் தெற்கே கடந்து போயிற்று. இங்கேயும் திருவனந்தபுரத்துக் கரையிலும் நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் திரும்பி வரவில்லை. சர்க்கார் அறிக்கைகளில் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று வருகிறது. அது சாஸ்திரப் பேச்சு, அதில் தப்பில்லை. ஆனால் மரத்தின்மேல் நிற்கிறவனுக்கு வேண்டியது என்ன? காற்று கொண்டலா, வாடையா? எத்தனை மணிக்குத் திரும்பும்? நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும்? எந்தக் கரைக்கு ஓடினால் பிழைக்கலாம்? இதைச் சொல்லாத எச்சரிக்கை, கோர்ட்டில் காட்டுவதற்கு உதவும். கடலில் தப்புவதற்கு உதவாது.

உள்ளதைச் சொல்லவேண்டும். ஒரு சமுதாய வானொலிக்கு அனுமதிக்கிற சக்தி சாதாரணமாக 100 வாட்டு. கம்பத்தின் உயரத்துக்கும் கணக்கு உண்டு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்டால் பெரிது. ஆகையால் பல நாள் பயணமாக ஆழ்கடலுக்குப் போனவர்களை இந்த ரேடியோ காப்பாற்றியிருக்கும் என்று நான் சொன்னால் அது பொய். அவர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் சேதி வாங்குகிற கருவி வேண்டும். அதைச் சர்க்காரிடம் கேட்டு வாங்குவது வேறு போராட்டம். ஆனால் கரைக்குக் கிட்டே தொழில் செய்கிற வள்ளத்துக்கும் மரத்துக்கும், விடியுமுன் இறங்கலாமா வேண்டாமா என்று கரையில் நின்று யோசிக்கிறவனுக்கும், அவன் வீட்டுக்கும் இது போதும். ஹைதராபாத்திலுள்ள சர்க்கார் கடல் தகவல் நிலையம் தினந்தோறும் அலை, காற்று, நீரோட்டம் பற்றிக் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கைப் படித்த பிள்ளை எடுத்து, படிக்காத பாட்டனிடம் கேட்டு, இந்தக் கரைப் பேச்சில் மாற்றி, விடியற்காலம் மூன்று மணிக்குச் சொல்லவேண்டும். கரை திரும்பினவர்களைச் சாயங்காலம் கூப்பிட்டு, காலையில் சொன்னது சரியாக இருந்ததா என்று கேட்டு, அதையும் ஒலிபரப்பவேண்டும். தப்பாகச் சொல்லியிருந்தால் தப்பு என்று எழுதி வைக்கவேண்டும். சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதற்குத்தான் பகுத்தறிவு என்று பேர். இதைத் தினமும் செய்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நான் வந்து பகுத்தறிவுப் பிரசங்கம் செய்யவேண்டிய அவசியமே இராது.

ஒரு கிழவியின் குரல்

"கையிலே செல்போன் இருக்கிறபோது ரேடியோ எதற்கு?" என்று வாலிபத் தோழர்கள் கேட்பார்கள். கரையை விட்டுச் சில மைல் போனால் செல்போன் என்ன ஆகிறதென்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வலையில் இருக்கிற கை போனைத் தடவ முடியாது. எழுத்துத் தெரியாதவர்களுக்கு அதில் பாதி உபயோகமில்லை. ஒரு பெட்டியை வைத்தால் பத்துப் பேர் கேட்கலாம். ஆனால் செல்போன் செய்த ஒரு நல்ல காரியத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கிற வயதான ஒரு தாயைச் சர்க்கார் பஸ்ஸிலிருந்து, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அந்தத் தாய் பஸ் நிலையத்திலேயே நின்று, தன் பேச்சிலேயே, நியாயம் கேட்டுச் சத்தம் போட்டாள். யாரோ அதைச் செல்போனில் பிடித்தார்கள். நாடு முழுதும் அந்தக் குரலைக் கேட்டது. முதன் மந்திரி வரை கண்டித்தார். பஸ் ஊழியர் மூன்று பேர் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். தோழர்களே! மீன் வேண்டும், மீன் கொண்டுவருகிறவள் வேண்டாம் என்பது இந்நாட்டுத் தர்மமாக இருந்துவருகிறது. அப்படி எத்தனை தாய்மார்களை எத்தனை வருஷமாக இறக்கிவிட்டிருப்பார்கள்? அவர்கள் ஒருவரும் சத்தம் போடவில்லையா? போட்டிருப்பார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை. அந்த ஒரு தாய்க்கு மட்டும் ஏன் நியாயம் கிடைத்தது? குரல் வெளியே போயிற்று; அதனால் கிடைத்தது. யாரோ ஒருவன் போனைத் தூக்கிப் பிடிக்கிற தற்செயலுக்கு ஒவ்வொரு தாயும் காத்திருக்க வேண்டுமா? தினம் ஒரு மணி நேரம் பேசுவதற்கு அவளுக்கென்று ஒரு மைக் இருந்தால் என்ன?

எதைக் காப்பது, எதை விடுவது

இனி நம் இயக்கத் தோழர்கள் மனதிலுள்ள ஓர் ஆட்சேபனைக்கு வருகிறேன். "பழைய கலாச்சாரத்தைக் காப்பாற்றுவது என்று ஆரம்பித்தால், பழைய மூடநம்பிக்கையும் சேர்ந்து வந்துவிடாதா?" என்கிறார்கள். நல்ல கேள்வி. பழையது என்கிற ஒரே காரணத்துக்காக எதையும் காப்பாற்ற வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். கொண்டல், வாடை என்ற வார்த்தைகள் பழைய தமிழ்ப் புத்தகங்களிலும் இருக்கின்றன என்று பண்டிதர்கள் சந்தோஷப்படலாம். எனக்கு அது முக்கியமில்லை. அந்த வார்த்தை இன்றைக்கு ஓர் உயிரைக் காக்கிறதா, ஒரு மனிதனைத் தலைநிமிரச் செய்கிறதா என்பதுதான் முக்கியம். கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் நேர்வைத்துப் பார்த்துக் கடலுக்கடியில் பார் இருக்கும் இடத்தைச் சொல்லுகிறானே, அது அறிவு. எந்த மீன் எந்த மாதத்தில் முட்டையோடு வரும் என்று சொல்லுகிறானே, அது அறிவு. வலை இழுக்கிறபோது எல்லோர் கையும் ஒன்றாக வர அம்பாப் பாட்டுப் பாடுகிறானே, அது தொழிலும் கலையும் சேர்ந்தது. இவற்றைப் பதிவு செய்யுங்கள்; பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அதே சமயத்தில், பெண் எதிரே வந்தால் மரத்தை இறக்கக்கூடாது என்கிற பழக்கம் எங்கேயாவது இருந்தால், புயல் வந்தது யாரோ செய்த பாவத்தால் என்று யாராவது சொன்னால், அதே ரேடியோவில் ஒரு மாணவி அந்தப் பெரியவரைப் பார்த்து, "ஏன் தாத்தா?" என்று கேட்கட்டும். அவர் பதில் சொல்லட்டும். ஊர் கேட்டு முடிவு செய்யட்டும். பெண்ணுக்கு வரதட்சணை என்று லட்சக்கணக்கில் கேட்கிறதே இந்த ஜில்லா, அதைப்பற்றியும் தாய்மார்கள் பேசட்டும். இருட்டில் வளருகிற பழக்கம் வெளிச்சத்தில் நிற்காது. ஊரார் முன்னால் காரணம் சொல்ல முடியாத எந்தப் பழக்கமும், எவ்வளவு பழையதானாலும், போகவேண்டியதுதான்.

மைக் யார் கையில்?

கடைசியாக ஒன்று. ரேடியோ வந்துவிட்டால் எல்லாம் நன்றாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். யந்திரத்துக்கு நல்லது கெட்டது தெரியாது. ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்னும் தேசத்தில் 1993-ல் ஒரு ரேடியோ ஆரம்பித்தார்கள். ஜனங்களின் வழக்குப் பேச்சில், வேடிக்கையும் பாட்டுமாக, ஒரு வகுப்பார்மேல் மற்றொரு வகுப்பாருக்கு வெறுப்பூட்டினார்கள். 1994-ல் லட்சக்கணக்கான பேர் கொலை செய்யப்பட்டபோது அந்த ரேடியோ கொலைக்கு ஏவிக்கொண்டிருந்தது. நடத்தினவர்களைச் சர்வதேச நீதிமன்றம் பிற்பாடு தண்டித்தது. ஆகையால் ரேடியோ எப்போது வரும் என்று கேட்பதற்கு முன், மைக் யார் கையில் இருக்கும் என்று கேளுங்கள்.

நம் நாட்டுச் சட்டப்படி தனி மனிதனுக்கும், அரசியல் கட்சிக்கும், லாபத்துக்கு நடத்துகிற கம்பெனிக்கும் இந்த அனுமதி கிடையாது. நம் இயக்கம் இதைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை, எடுக்கவும் கூடாது. பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் தலைமை உபாத்தியாயர் ஒருவரே எல்லாம் என்று ஆகக்கூடாது. நிர்வாகத்தில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். வள்ளம் வைத்திருக்கிறவன் மட்டுமல்லாமல் வள்ளத்தில் கூலிக்குப் போகிறவனும் இருக்கவேண்டும். தலைச்சுமையாக மீன் விற்கிறவள் இருக்கவேண்டும். கடற்கரையார் மட்டும் போதாது. உள்நாட்டு வயற்காட்டுப் பிள்ளையும் ஒருவன் இருக்கட்டும். என்னைப்போலச் சிரித்தவன் பிள்ளை அங்கே வந்து உட்கார்ந்து கச்சான் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ளட்டும். கோயிலுக்குப் போகிறவனும் போகாதவனும் அந்த மைக்குக்கு முன்னால் சமம். இந்த நிபந்தனைகளோடு வந்தால் அது மக்களின் ரேடியோ. இல்லாவிட்டால் பழைய எஜமானனுக்குப் புதுக் குழாய் கொடுத்ததாக முடியும்.

சுய செய்தி ஒலிபரப்ப இந்த நிலையங்களுக்கு இன்னும் அனுமதியில்லை. சர்க்கார் வானொலியின் செய்தியை அப்படியே திருப்பிச் சொல்லலாம் என்கிறார்கள். காற்றலை பொதுச்சொத்து என்று தீர்ப்பு ஆனபின்பும் ஊர்ச் செய்தியை ஊரான் சொல்லக்கூடாதென்பது என்ன நியாயம்? அதையும் நாம் கேட்கவேண்டும். ஆனால் காற்று, அலை, சந்தை, படிப்பு, வைத்தியம், பாட்டு, பாட்டன் பேச்சு இவற்றைச் சொல்ல யாரும் தடுக்கவில்லை. இவ்வளவு இருக்கிறபோது தொடங்குவதற்கு என்ன தடை?

பணம் என்பீர்கள். சில லட்சங்கள் ஆகும். ஒரு திருவிழாவுக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகிற செலவை நீங்களே கணக்குப் பாருங்கள். வேடிக்கை ஒரு ராத்திரியில் புகையாகப் போகிறது. நிலையம் நாளைக்கும் பேசும். அனுமதி வருவதற்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு செல்போனையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே பிள்ளைகள் புறப்படட்டும். வீடுவீடாகப் போய்ப் பாட்டனிடமும் பாட்டியிடமும் காற்றின் பேர், நீவாட்டின் பேர், மீனின் பேர், பாட்டு, பட்ட பாடு எல்லாம் கேட்டுப் பதிவு செய்யட்டும். மைக் வருகிறபோது பேசுவதற்குச் சங்கதி தயாராக இருக்கவேண்டாமா? பாட்டன்மார் காத்திருக்கமாட்டார்கள், வருஷத்துக்குச் சிலராகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

தோழர்களே! நான் சிரித்த அந்தப் பையனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு நாள் விடியற்காலையில் பள்ளிக்கூடத்து மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, "இண்ணைக்குக் கச்சான் பெலம், மரம் இறக்காண்டாம்" என்று அவள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லவேண்டும். அதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கக்கூடாது; மரத்தைக் கரையேற்றவேண்டும். அன்றைக்குத்தான் அந்தப் பையன் பெஞ்சைவிட்டு இறங்கினதாக நான் ஒப்புக்கொள்வேன். அவனை இறக்கிவிடுவது உங்கள் கையில் இருக்கிறது.